எல்.எல்.ஆர் வாங்கியாச்சு, அடுத்து என்ன? கேள்வி பதில்

கோவையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் 19 வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் எங்களுக்குக் கூட்டம் சேர்ந்துவிடும். அந்த வயதுப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மகனுக்கு 16 முடிந்துவிட்டது. கியர் இல்லாத வண்டிக்கு எல்.எல்.ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்துக் கொடுத்தோம். என் ஸ்கூட்டரில் டியூஷனுக்குப் போய் வருகிறான். பிரச்சினை ஒன்றும் இல்லையே? (ஓர் அம்மா, திருப்பூர்)

இருக்கிறதம்மா. 16 வயதில் பெற்றோர் சம்மதத்தோடு தரும் எல்.எல்.ஆர், 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும்தான் செல்லும். 'கியர் இல்லாத வண்டி' என்பதைப் பிடித்துக்கொண்டு அந்த 50 சிசியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். உங்கள் ஸ்கூட்டர் அநேகமாக 110 அல்லது 125 சிசியாக இருக்கும். டிவிஎஸ் எக்ஸ்எல் கூட இப்போது 100 சிசிதான். அவற்றை அவன் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிற கணக்குத்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றமானால், பெற்றவருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர் கூடக் கிடைக்காது. அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் பணத்தை உங்களிடமே திரும்ப வசூலிக்கவும் வழியுண்டு. இரண்டு வருடம் அவன் சைக்கிளில் போகட்டும். ரோட்டில் ஓரம் பார்த்துப் போவதையும் கை காட்டித் திரும்புவதையும் சைக்கிளில் பழகி வந்த பிள்ளைகளை முதல் நாளே எனக்கு அடையாளம் தெரியும்.

எனக்கு 17 வயது 9 மாதம். இப்போதே காருக்கு எல்.எல்.ஆர் போட்டு வைக்கலாமா? (மாணவன், ஈரோடு)

முடியாது தம்பி, 18 முடிந்திருக்க வேண்டும். இந்த மூன்று மாதம் அப்பா ஓட்டும்போது முன் சீட்டில் உட்கார்ந்து, போனை உள்ளே வைத்துவிட்டு, கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வா. 'நின்ற பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஆள் வரலாம்', 'அந்த ஆட்டோ திரும்பப் பார்க்கிறான்', 'மாடு'. பெடலும் கியரும் பத்து நாளில் காலுக்கும் கைக்கும் பழகிவிடும். கண் பழகத்தான் மாதக்கணக்காகும்.

எல்.எல்.ஆர் வந்துவிட்டது. 30 நாள் கழித்துத்தான் டெஸ்டாம். அதுவரை சும்மா இருக்க வேண்டுமா, தனியாக ஓட்டிப் பார்க்கலாமா? (மாணவி, கரூர்)

இரண்டும் வேண்டாம் கண்ணு. நிறையப் பேர் அந்த 30 நாளைச் சும்மா கழித்துவிட்டு, டெஸ்டுக்கு முந்தின வாரம் ஓடி வருகிறார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் அதுதான். எல்.எல்.ஆர் 6 மாதம் செல்லும். அந்த 6 மாதமும் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு தப்புச் செய்து பழக உனக்குக் கிடைத்த காலம்.

காரில் உன் பக்கத்தில் இருப்பவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தும்படி உட்கார்ந்திருக்கவும் வேண்டும். பின் சீட்டில் தூங்குகிற மாமா கணக்கில் வரமாட்டார். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். அட்டை 18 செ.மீ. சதுரத்துக்கும், எழுத்து 10 செ.மீ. உயரத்துக்கும் குறையக் கூடாது. வெட்கப்பட்டு அதைக் கழற்றி வைக்காதே. அதைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர் கொஞ்சம் விலகிப் போவார். இரு சக்கர வண்டியில், சொல்லிக்கொடுக்கிற லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. தோழியை காலேஜில் இறக்கிவிடுவதும் இதில் சேர்த்திதான்.

கிளட்சை விட்டதும் வண்டி குதித்து ஆஃப் ஆகிறது. பத்து நாளாயும் பிடிபடவில்லை. எனக்கு வரவே வராதோ? (18 வயது, நாமக்கல்)

வரும். கிளட்சை முழுக்க மிதித்தால் இன்ஜினும் சக்கரமும் தனித்தனி. முழுக்க விட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். நடுவில், இரண்டும் உரசிக்கொண்டே ஒன்றையொன்று பிடிக்கிற இடம் ஒன்று உண்டு. அதைத்தான் ஹாஃப் கிளட்ச் என்கிறோம். நீ அந்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகிறாய். அதனால்தான் வண்டி குதிக்கிறது.

காலியான மைதானம், சமதரை. முதல் கியர் போடு. ஆக்சிலரேட்டரைத் தொடவே தொடாதே, வலது கால் பிரேக் மேல் இருக்கட்டும். இடது குதிகாலைத் தரையில் ஊன்றி, கிளட்சை மெல்ல மெல்ல விடு. ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் கம்மும், வண்டியில் லேசாக ஓர் அதிர்வு வரும். அங்கேயே காலை நிறுத்தி பிரேக்கை விடு. வண்டி தானாக ஊர்ந்து போகும். பத்தடி போனதும் கிளட்சை மிதித்துப் பிரேக் போட்டு நிறுத்து. ஒரு காலையில் இருபது தடவை இதை மட்டும் செய். கண்ணால் தேடாதே, காதால் தேடு. ரேடியோவும் ஏசியும் வேண்டாம். காலில் மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ இருக்கட்டும். செருப்பு கழன்று பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கும்.

மேட்டில் நின்று கிளம்பும்போது இதோடு ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்துக்கொள். பிரேக்கை இழுத்து வைத்து, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, சத்தம் கம்மி வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கியதும் ஹேண்ட் பிரேக்கை இறக்கு. எனக்கு 18 வயதில் இதைச் சொல்லித்தர ஆளில்லை. ஒரு ரயில்வே மேம்பாலத்தில் வண்டி பின்னால் உருண்டு, ஒரு பால்காரரின் கேன்களைச் சாய்த்துவிட்டேன். அவர் முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அதனால்தான் மேடு பழகாமல் யாரையும் டெஸ்டுக்கு அனுப்புவதில்லை.

அப்பாதான் சொல்லிக்கொடுக்கிறார். ஏறி உட்கார்ந்ததிலிருந்து சத்தம். எனக்குக் கை நடுங்குகிறது. (மாணவி, மதுரை)

இந்தப் பதிலை அப்பாவிடமே காட்டு. ஐயா, உங்கள் பக்கம் பிரேக் பெடல் இல்லை, பயம் வருவது நியாயம். எங்கள் ஸ்கூல் காரில் என் காலடியிலும் பிரேக்கும் கிளட்சும் இருப்பதால்தான் என்னால் அமைதியாக இருக்க முடிகிறது. அதனால் முதல் பத்து நாளை ஸ்கூலுக்கு விட்டுவிட்டு, ஊர்ந்து, நின்று, திரும்பத் தெரிந்த பிறகு நீங்கள் கூட உட்காருங்கள். சொல்வதைச் சீக்கிரம் சொல்லுங்கள். 'பாத்து! பாத்து!' என்றால் எதைப் பார்ப்பது என்று பிள்ளைக்குத் தெரியாது. 'அடுத்த இடதில் திரும்பணும், இப்போதே இண்டிகேட்டர் போடு' என்றால் கை தானாகச் செய்யும். திட்ட வேண்டியிருந்தால் ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

ஸ்கூலில் சேர்ந்து ஒரு வாரம். ஸ்டீயரிங்கை மட்டும்தான் பிடிக்கிறேன், பெடல் எல்லாம் மாஸ்டரே மிதிக்கிறார். (18 வயது, சேலம்)

முதல் இரண்டு நாள் அப்படி இருக்கலாம், ஒரு வாரம் கூடாது. வெட்கப்படாமல் கேள்: 'சார், இன்றைக்கு உங்கள் காலை எடுத்துவிடுங்கள்.' சொந்த உபயோக வாகனத்துக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் 10 மணி நேரமாவது மாணவர் ஓட்ட வேண்டும் என்றே விதி இருக்கிறது. காசு கொடுத்திருக்கிறாய், கேட்பது உன் உரிமை.

டூ வீலர் டெஸ்டுக்கு எட்டுப் போடும்போது கால் ஊன்றிவிடுகிறேன். (மாணவன், திருச்சி)

முன் சக்கரத்தைப் பார்க்கிறாய். அடுத்து எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே தலையைத் திருப்பு. ஆக்சிலரேட்டரை விட்டு விட்டுக் கொடுக்காமல் ஒரே சீராகக் கொடுத்து, பின் பிரேக்கால் வேகத்தை அடக்கு. தவறிவிட்டால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவை தவறினால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

மகனுக்கு லைசென்ஸ் வந்து மூன்று வாரம். நண்பர்களோடு காரில் கொல்லிமலை போக வேண்டும் என்கிறான். அனுப்பலாமா? (ஓர் அப்பா, ராசிபுரம்)

இப்போது வேண்டாம். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். அதோடு, அவன் வயதுப் பிள்ளைகள் நாலு பேர் ஏறினால் வண்டிக்குள் பேச்சும் பாட்டும்தான் ஓட்டும். முதலில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார நாள் காலையில் கூட்டிப் போங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவதையும் வளைவுக்கு முன்பே ஹாரன் அடிப்பதையும் சொல்லிக்கொடுங்கள். முக்கியமாக இறங்குவது: ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அநேகமாக அதே கியர். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அன்றைக்கு அவன் முன்னால் அதைச் செய்யாதீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாசம் வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆற விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.