மழையில் மேம்பாலத்துக் கோடுகளில் சைக்கிள் வழுக்குகிறது. டயரை மாற்றினால் சரியாகுமா?

டயர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஆனால் நீங்கள் கேட்கும் வழுக்கல் அதனால் போகாது. சென்னையில் பதினோரு வருடமாக வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறேன். மோசமாக விழுந்தது ஒரே ஒரு முறை, அதுவும் புது டயரில்.

ஐப்பசி மாதக் காலை. தூறல் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேம்பால இறக்கத்தில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்கச் சாலைக்குக் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு போட்டிருப்பார்களே, அதன் மேல் வைத்து முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிட்டது. இடது காறை எலும்பில் விரிசல். பின்னால் வந்த ஆட்டோக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, "அசையாம இருங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே பேருந்துகளைக் கைகாட்டித் தடுத்தார். அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அந்தக் கோடு பெரும்பாலும் வெறும் பெயின்ட் இல்லை. தெர்மோபிளாஸ்டிக் என்ற பொருளைக் கிட்டத்தட்ட 200 டிகிரி செல்சியஸில் உருக்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குப் போடுகிறார்கள். தார்ச் சாலையில் டயருக்குப் பிடிமானம் தருவது ஜல்லியின் சொரசொரப்பு. அதை இது மூடிவிடுகிறது. இரவில் விளக்கொளி பட்டு மின்னுவதற்காகத் தூவும் கண்ணாடி மணிகளும் உருண்டையாக, வழவழவென்று இருப்பவை. காய்ந்த சாலையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. முதல் தூறலில், பல நாள் படிந்த எண்ணெயும் தூசியும் நீரில் குழைந்து மேலே பரவும்போதுதான் ஆபத்து. அடித்துப் பெய்யும் மழை இதில் கொஞ்சத்தையாவது கழுவிவிடும், தூறல் கழுவாது.

பாலத்தில் இது ஏன் இன்னும் மோசம் என்றால், எல்லாக் கெடுதலும் சைக்கிள்காரன் போகும் அந்த இடது ஓரத்தில்தான் சேர்கின்றன. ஓரக் கோடு அங்கேதான். மழைநீர் வடியும் துளைகள் மணலால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்பதும் அங்கேதான். இடையிடையே பாலத்து இணைப்புகளின் இரும்புப் பட்டை வேறு. ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர், மறுபக்கம் பேருந்து. ஒதுங்க மண் தரை கிடையாது.

2022 ஜூலையில், மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்தின் சாலைப் பரப்பிலேயே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வரைந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு தூறல் மாலையில் அங்கே இறங்கி, நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடந்தேன். கோடு என்றால் விலகிப் போகலாம். சாலை முழுக்க வண்ணம் என்றால் எங்கே விலகுவது?

சரி, ஓட்டும்போது என்ன செய்யலாம்? பிரேக் பிடிக்கும் வேலையைப் பட்டைகளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். அவற்றின் மேல் போகும்போது மிதிக்காதீர்கள், திருப்பாதீர்கள், முழங்கையைத் தளர்வாக வைத்து நேராக உருள விடுங்கள். ஓரக் கோட்டின் மேலேயே போவதைவிட அதற்கு வலப்பக்கம் ஓர் அடி உள்ளே, தார் மேல் போவது நல்லது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். இரும்பு இணைப்பைச் சாய்வாகக் கடக்காமல் நேர்க்குறுக்காகக் கடந்துவிடுங்கள்.

ஆனால் முழுப் பொறுப்பும் நம் தலையில் இல்லை. குவார்ட்ஸ் போன்ற கூர்முனைத் துகள்களைச் சேர்த்தால் இதே கோடு நன்றாகப் பிடிக்கும். ரப்பர் துண்டு பொருத்திய ஓர் ஊசலை ஈரப் பரப்பின் மேல் வீசி, எவ்வளவு வழுக்குகிறது என்று அளக்கும் கருவியும் பல காலமாக இருக்கிறது. கோடு போட்டவுடன் அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். புகாரில் பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணை எழுதுங்கள். படத்தை மழை பெய்யும்போதே எடுங்கள், வெயிலில் எடுத்த படத்தில் அது அழகான வெள்ளைக் கோடாகத்தான் தெரியும்.