சைக்கிளும் பென்ஷனும்

கேள்வி: ரெண்டாம் உலகப் போருக்குப் போன நம்ம தென்னாப்பிரிக்கக் கறுப்பர்களுக்கு சைக்கிள்தான் கிடைச்சதுன்னு எங்க தாத்தா சொல்வாரு. 2021-ல எம்.கே. ஆளுங்க, அதான் நிறவெறி ஆட்சிய எதிர்த்து ஆயுதம் எடுத்த ஏ.என்.சி. படைக்காரங்க, பென்ஷன் கேட்டு மந்திரிகளையே புடிச்சு வச்சாங்க. நாங்க அரசாங்கம் தர்ற முதியோர் கிராண்டுல காலம் தள்றோம், இது நியாயமா? (வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன்)

பதில்: அம்மா, அந்த சைக்கிள்கிட்டயே நின்னுட்டேன். வெள்ளைக்கார சிப்பாய்க்கு வீடு, நிலம், கறுப்பருக்கு சைக்கிளும் பூட்ஸும்னு அந்தக் குடும்பங்கள்ல இன்னைக்கும் சொல்றாங்க, அதுவும் துப்பாக்கி தராம ஈட்டி குடுத்து அனுப்பினவங்களுக்கு. அப்படிப் போன ஜோப் மசேகோ 1942-ல லிபியாவுல டோப்ரூக்ல ஜெர்மன்காரன்கிட்ட கைதி, துறைமுகத்துல மூட்டை இறக்குற வேலை, ஒரு பால் டின்ல வெடிமருந்தை அடைச்சு நீளமா திரி வச்சு ஒரு கப்பல்ல பெட்ரோல் டிரம்முங்க நடுவுல சொருகிட்டு வந்துட்டாரு, கப்பல் மூழ்கியே போச்சு. மெடல் குடுத்தாங்க. 1952-ல ரயில்ல அடிபட்டு செத்தப்ப கடன் வாங்கித்தான் புதைச்சாங்க. பின்னாடி ஒரு கடற்படைக் கப்பலுக்கு அவர் பேரு வச்சாங்க, அதனால அவர் வீட்டு அடுப்பு எரிஞ்சுதா?

நம்ம கதையும் இதேதான். 1899-ல இங்கிலீஷ்காரன் போயர்கள எதிர்த்து நடத்துன போயர் போர்ல காயம்பட்டவங்கள ஸ்ட்ரெச்சர்ல தூக்கின இந்தியர் சுமார் 1,100 பேர், பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிங்க. மெடல் போனது தலைவர்களுக்கு. வருஷா வருஷம் நவம்பர் 16-ல, இந்தியர் முதல்ல இங்க வந்து இறங்குன நாளுக்கு, விழா எடுக்குற நம்ம சங்கங்க இந்த ஆளுங்கள மேடையில ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு எத்தனை தடவ எழுதிட்டேன், காதுலயே போட்டுக்கல.

சரி, எம்.கே. விடுதலைக்குப் போராடினவங்களுக்கான 1996 ஸ்பெஷல் பென்ஷன் சட்டம் அந்த டிசம்பர் 1-ல 35 வயசு ஆகியிருக்கணும்னு சொல்லுச்சு, அப்புறம் குறைச்சாங்க, ஆனா 1986-ல பதினேழு வயசுல பள்ளிக்கூடத்த விட்டு எம்.கே.ல சேர எல்லை தாண்டுனவனுக்கு அப்ப 27 தான், அவன் எப்படிப் பாத்தாலும் வெளியதான். எம்.கே.ல இருந்த நம்ம சாட்ஸ்வொர்த் பையன் லென்னி நாயுடு 1988-ல எல்லைப் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டானே, அவன மாதிரி பசங்கதாம்மா இவங்க. உயிரோட திரும்பினவனுக்கு படிப்பும் இல்ல, வேலையும் இல்ல. சின்ன வயசுல போனது குத்தமா? 2011-ல முன்னாள் போராளிங்களுக்கான வெடரன்ஸ் சட்டத்துல பென்ஷன்னு எழுதுனாங்க, கைக்கு வராம பத்து வருஷம் இழுத்தாங்க, 2021 அக்டோபர்ல ஐரீன் ஓட்டல்ல மந்திரிகள அடைச்சு வச்சது அந்த ஆத்திரம். அடைச்சு வச்சது தப்பு. கேட்டது தப்பில்ல.

உங்க கிராண்ட் பத்தாதுங்கறதும் உண்மை, அதுக்கு நீங்க சண்டை போட வேண்டியது கருவூலத்தோட, பக்கத்துத் தெரு எம்.கே.காரனோட இல்ல.