எந்தப் பரப்புக்கு எந்தப் பசை? பட்டறைக் கேள்விகளும் பதில்களும்

தொழிற்சாலைப் பசைகளைத் தேர்ந்தெடுப்பது குறித்துச் சென்னையின் பல பகுதிகளில் தொழில் நடத்துவோர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். “எது மிக வலுவான பசை?” என்று ஒற்றை வரியில் வந்த கேள்விகளை மட்டும் சேர்க்கவில்லை, எதன்மீது எதை ஒட்டுகிறோம், அந்த இணைப்பு வெயிலையும் நீரையும் சுமையையும் எவ்வளவு தாங்கவேண்டும் என்பது தெரியாமல் அதற்கு விடை சொல்ல இயலாது.

கேள்வி (அம்பத்தூர், தகட்டு வேலைப் பட்டறை): ஐயா, அலுமினியத் தகடுகளை இரும்புச் சட்டத்தில் எப்பாக்ஸி (ரெசின், ஹார்ட்னர் என்னும் இரு பகுதிகளைக் கலந்தால் இறுகும் பசை) வைத்து ஒட்டுகிறோம். சில துண்டுகள் தட்டினாலே கழன்றுவிடுகின்றன. சில, உளி வைத்து அடித்தாலும் வருவதில்லை. பசையும் ஒன்றுதான், ஒட்டும் ஆளும் ஒருவர்தான். இதைவிட வலுவான பசைக்கு மாறவேண்டுமா?

பதில்: பசையை மாற்றுவதற்கு முன் கழன்ற துண்டை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பசை முழுவதும் ஒரு பக்கத்திலேயே தங்கி, மறுபக்கம் துடைத்துவிட்டாற்போல் பளிச்சென்று இருந்தால், பசை அந்தப் பரப்பைப் பற்றவே இல்லை என்று பொருள். விலை கூடிய பசையை வாங்கினாலும் அதுவும் அதே இடத்தில்தான் கழலும். இரண்டு பக்கங்களிலும் பசை கிழிந்து நின்றால்தான் பசையின் வலு போதவில்லை என்று கொள்ளலாம். உங்களிடம் சில துண்டுகள் உளிக்கும் அசையாமல் நிற்பதால், குறை பசையில் இல்லை, பரப்பைத் தயார் செய்யும் முறையில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

பெரும்பாலான பட்டறைகளில் முதலில் எமரி தாளால் தேய்த்துவிட்டு, அதன்பின் தின்னரில் நனைத்த பனியன் வேஸ்டால் (பனியன் கழிவுத் துணியால்) துடைக்கிறார்கள். தகட்டில் எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால், எமரி போட்ட கீறல்களுக்குள் எண்ணெய் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு துடைத்தாலும் முழுமையாக வெளிவராது. முதலில் அசிட்டோன் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, பிறகு தேய்த்து, மீண்டும் ஒருமுறை துடைக்கவேண்டும். துணியின் புதிய பக்கத்தால் ஒரே திசையில் துடைப்பது முக்கியம். முன்னும் பின்னுமாகத் துடைத்தால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுகிறோம். கடைசித் துடைப்புக்குப் பனியன் வேஸ்ட் வேண்டாம், கம்ப்ரசர் காற்றால் ஊதவும் வேண்டாம். அந்தக் காற்றோடு எண்ணெயும் ஈரமும் சேர்ந்தே வரும்.

தேய்த்த தகட்டில் சிறிது சுத்தமான நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் அறுபடாத படலமாகப் பரவி நின்றால் பரப்பு தயார். தாமரை இலைத் தண்ணீராகத் திரண்டு உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. சோதித்த தகட்டை நன்றாக உலர்த்திவிட்டு, அன்றைக்கே ஒட்டிவிடுங்கள்; அலுமினியத்தைத் தேய்த்து மறுநாள்வரை போட்டுவைத்தால், தேய்த்த பயன் பெரும்பாலும் போய்விடும்.

கலவை விகிதத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். அரால்டைட் ஏ.டபிள்யூ. 106 ரெசினும் ஹெச்.வி. 953 ஹார்ட்னரும் கன அளவில் ஏறத்தாழ சமம், ஆனால் எடையில் 100-க்கு 80. தராசில் வைத்துச் சமமாக எடுப்பவர்கள் ஹார்ட்னரைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டு, பசை மெத்தென்று இருக்கிறது என்று குறைப்படுகிறார்கள். கிளாம்பை இறுக்கிப் பசை முழுவதையும் பிதுக்கி வெளியேற்றுவதும் தவறு, நடுவில் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பசை நிற்கவேண்டும். மெல்லிய தகட்டின் மூலையைப் பிடித்து உரிப்பதுபோன்ற விசை வரும் இடமானால், எந்த எப்பாக்ஸியையும் நம்பி விடாமல் மூலைக்கு ஒரு ரிவெட் போட்டுவிடுவது நல்லது.

கேள்வி (கிண்டி, மின்சாதனப் பட்டறை): மழைக்காலத்தில் எப்பாக்ஸி கெட்டியான பிறகும் மேலே மெழுகு தடவியதுபோல் பிசுபிசுக்கிறது. கோடையிலோ குவளையில் கலந்துவைத்ததே சூடாகிப் புகைவிடுகிறது. சென்னைக்கு இந்தப் பசை ஒத்துவராதோ?

பதில்: நன்றாகவே ஒத்துவரும். ஹார்ட்னரில் உள்ள அமீன் என்னும் வேதிப்பொருள், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிவதால்தான் அந்தப் பிசுபிசுப்புப் படலம் உண்டாகிறது. அது நீரில் கரையும். எனவே தின்னரால் துடைத்துப் பரப்பிவிடாமல், வெதுவெதுப்பான நீரால் கழுவி, உலர்த்தி, எமரி போட்டபின் அடுத்த பூச்சைக் கொடுங்கள். ஏ.சி. அறையில் இருந்த உலோகத்தை வெளியே எடுத்துவந்த உடனே ஒட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் பனி படிந்திருக்கும். கோடைச் சிக்கலுக்குக் காரணம், குவளையில் திரண்டு கிடக்கும் பசை தன் வெப்பத்தை வெளியேற்ற முடியாததே. வெப்பம் 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. சிறிது சிறிதாகக் கலந்து அகலமான தட்டில் பரப்பிவையுங்கள், போதும்.

கேள்வி (திருமுடிவாக்கம்): பிளாஸ்டிக் கிரேட், கேன் ஆகியவற்றில் விரிசல் விழுந்தால் எந்தப் பசையும் நிற்பதில்லை. மறுநாளே தோலாக உரிந்துவருகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அது என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன். 2 அல்லது 4 என்றால் பாலிஎத்திலீன். குறி தேய்ந்திருந்தால் ஒரு சிறு துண்டை வெட்டி நீரில் போடுங்கள்; இவை இரண்டும் மிதக்கும், பி.வி.சி.யும் ஏ.பி.எஸ்.ஸும் மூழ்கும்.

மிதப்பவற்றின் பரப்பு ஆற்றல், அதாவது திரவத்தைத் தன்மேல் பரவவிடும் ஈர்ப்பு, மீட்டருக்கு 30 மில்லிநியூட்டனை ஒட்டியே இருக்கிறது. டெஃப்லானுக்கு அது 20-க்கும் கீழ். சாதாரணப் பசைகள் அந்தப் பரப்பில் பரவாமல் சுருங்கித் திரள்வதால், எமரி போட்டாலும் பெரிய பயன் இல்லை. தொழிற்சாலைகளில் சுடரை வேகமாக ஓட்டியோ, கொரோனா எனப்படும் உயர் அழுத்த மின்வெளியேற்றம் கொடுத்தோ பரப்பின் ஆற்றலை 38-க்கு மேல் உயர்த்தி ஒட்டுகிறார்கள். அந்த விளைவு நாளாக நாளாகக் குறைந்துவிடும் என்பதால் உடனே ஒட்டவேண்டும். இத்தகைய பிளாஸ்டிக்குக்கென்றே வரும் இருபகுதி அக்ரிலிக் பசையும், பிரைமர் என்னும் முன்பூச்சைத் தடவி ஒட்டும் சயனோஅக்ரிலேட்டும் (நொடியில் ஒட்டும் பசை) உண்டு. இருந்தாலும் கிரேட்டுக்கும் கேனுக்கும் சூடான காற்றும் அதே பிளாஸ்டிக்கில் செய்த கம்பியும் கொண்டு வெல்டிங் செய்வதையே நான் பரிந்துரைப்பேன். உள்ளே அமிலம் இருக்குமானால் பசையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி (பெரியமேடு, பை மற்றும் செருப்புத் தயாரிப்பு): பி.வி.சி. சோல்களைச் சொல்யூஷன் வைத்துத்தான் ஒட்டுகிறோம். கடைக்குப் போகும்போது நன்றாக இருக்கிறது; இரண்டு மூன்று மாதத்தில் பசை இளகி, நூல் நூலாக இழுக்கிறது. தோலுக்கு அதே சொல்யூஷன் குறையின்றி நிற்கிறது.

பதில்: பசை நூலாக இழுக்கிறது என்று நீங்கள் கவனித்ததிலேயே காரணம் இருக்கிறது. பரப்பு பற்றாமல் கழன்றிருந்தால் நூல் வராது. பசையே உள்ளுக்குள் மென்மையாகியிருக்கிறது. பி.வி.சி.யை வளைய வைப்பதற்காக அதில் பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய் போன்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது சிறிது சிறிதாக வெளியே கசிந்து, நியோப்ரீன் ரப்பரால் ஆன உங்கள் சொல்யூஷனுக்குள் புகுந்து அதை இளக்கிவிடுகிறது. தோலில் அது இல்லாததால் அங்கே சிக்கல் இல்லை. பி.வி.சி. பூசிய ரெக்சின் பைகளிலும் இதே கதைதான்.

சோலுக்குப் பாலியூரித்தேன் பசைக்கு மாறுங்கள். அதில் ஐசோசயனேட் ஹார்ட்னரை அளவாகச் சேர்த்துக்கொண்டால் வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். இரண்டு பரப்பிலும் தடவி, கரைப்பான் முழுவதும் ஆவியானபின், பசைப்படலத்தை 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் அழுத்தவேண்டும். இங்கே எவ்வளவு நேரம் அழுத்தினோம் என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்பதே முக்கியம். தோலின் மேற்பூச்சைச் சொரசொரப்பாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பசை பிடித்தாலும் பூச்சு தோலைவிட்டு உரிந்துவிடும். ரப்பர் சோலாக இருந்தால் ஹாலஜன் பிரைமர் தனியாகத் தேவைப்படும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்வதால், ஈரம் மிகுந்த நாள்களில் பசையின்மேல் வெண்படலம் தோன்றும். அது தெரிந்தால் அப்படியே ஒட்டாமல் சூடுகாட்டி உலர்த்துங்கள். டொலுயீன் என்னும் எளிதில் தீப்பற்றும் கரைப்பான் கலந்த பசை புழங்கும் அறையில் காற்றோட்டம் வேண்டும். அடுப்போ சிகரெட்டோ அருகில் கூடாது.

கேள்வி (அண்ணா சாலை, கடை முகப்பு ஒப்பந்ததாரர்): வண்ணம் பூசிய 6 மில்லிமீட்டர் கண்ணாடிப் பலகைகள், 1 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் அகலம், அவற்றை அலுமினியச் சட்டத்தில் ஒட்டவேண்டும். மேற்கு வெயில் நேராக விழும் இடம். எப்பாக்ஸியா, சிலிகானா, இருபக்க டேப்பா?

பதில்: எப்பாக்ஸியை இப்போதே விலக்கிவிடுங்கள். இரவில் 25 டிகிரியில் இருக்கும் சட்டம் மேற்கு வெயிலில் 65 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 டிகிரி ஏற்றத்தில் ஒரு மீட்டர் அலுமினியம் ஏறத்தாழ 0.92 மில்லிமீட்டர் நீளும், கண்ணாடி 0.36 மட்டுமே நீளும். நடுவிலிருந்து கணக்கிட்டாலும் ஒவ்வொரு முனையிலும் கால் மில்லிமீட்டருக்கு மேல் இழுபறி இருக்கும். 0.2 மில்லிமீட்டர் தடிமனில் கெட்டியாக நிற்கும் எப்பாக்ஸியால் அதற்கு இசைந்து கொடுக்க முடியாது. ஒன்று பசை விடும், அல்லது கண்ணாடி விரிசல் விடும். குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனில் ரப்பராக நிற்கும் இணைப்பு உங்களுக்குத் தேவை.

சிலிகானில் வினிகர் வாடை வரும் ரகத்தை வாங்காதீர்கள். அது உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். செம்பும் பித்தளையும் அரிக்கப்படும், கண்ணாடியின் பின்பூச்சும் கெடும். ‘நியூட்ரல்’ என்று குறிப்பிட்ட ரகமே வேண்டும். பின்பூச்சு கண்ணாடியைவிட்டு உரியுமானால் எந்தச் சிலிகானும் காப்பாற்றாது என்பதால், பலகை செய்தவரிடம் அந்தப் பூச்சு ஒட்டுவதற்கு ஏற்றதுதானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிலிகான் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு ஓரத்திலிருந்து உள்நோக்கி நாளொன்றுக்கு 2, 3 மில்லிமீட்டர் அளவில்தான் கெட்டியாகும். எப்பாக்ஸிக்குத் தொல்லையான நம் ஊர் ஈரம் இதற்கு உதவியே செய்கிறது. பலகை முழுவதும் வட்டம் வட்டமாக அப்பினால் நடுவில் உள்ளது வாரக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். செங்குத்துக் கோடுகளாக, இடையில் காற்றுப் போகும்படி இடுங்கள்.

வி.ஹெச்.பி. (மிக வலுவாக ஒட்டும்) வகை அக்ரிலிக் நுரை இருபக்க டேப்பும் பொருந்தும். நிலையான எடைக்கு ஒரு கிலோவுக்கு 55 சதுர சென்டிமீட்டர் டேப் என்பது அதன் வழக்கமான கணக்கு. உங்கள் பலகை ஏறத்தாழ 9 கிலோ. எனவே 25 மில்லிமீட்டர் அகல டேப் குறைந்தது 2 மீட்டர் வேண்டும். ரோலரால் அழுத்தவேண்டும், முழு வலுவுக்கு 72 மணி நேரம் ஆகும். பவுடர் கோட்டிங் செய்த சட்டமானால் பிரைமர் தேவைப்படலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், கீழே மக்கள் நடக்கும் இடம் அது. பலகையின் எடையைத் தாங்க அடியில் ஒரு தாங்கி வைக்காமல், பொறியாளர் ஒருவர் பார்க்காமல் வேலையை முடிக்காதீர்கள்.

கேள்வி (புதுப்பேட்டை, லேத் பட்டறை): தேய்ந்த ஷாஃப்டில் பேரிங் சுழல்கிறது, லாக் பண்ணும் திரவம் போடலாமா? ஸ்டெயின்லெஸ் போல்டில் அதே வகைத் திரவம் உலரவே இல்லையே, ஏன்?

பதில்: அனபாண்ட், லாக்டைட் போன்ற பெயர்களில் வரும் அந்தத் திரவம் காற்று இல்லாத இடத்தில், உலோக அயனிகளின் தூண்டுதலால் கெட்டியாவது. குப்பியைப் பாதி காலியாகவே நிரப்பி விற்பதும் அதனால்தான். ஸ்டெயின்லெஸ்ஸும் துத்தநாகப் பூச்சும் போதிய தூண்டுதலைத் தருவதில்லை. அந்தத் தூண்டுதலைத் தரும் ஆக்டிவேட்டரைத் தெளித்துவிட்டு இடுங்கள். பேரிங்குக்குப் போல்ட் மரையில் இடும் திரெட் லாக்கர் அல்ல, உருளைப் பாகங்களைப் பிடித்து நிறுத்தும் ‘ரிடெய்னிங்’ என்ற ரகம் வேண்டும். இடைவெளி 0.1 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நன்றாக நிற்கும். தடித்த ரகங்கள் 0.25 வரை நிரப்பும். அதற்கு மேல் தேய்ந்திருந்தால் ஷாஃப்டுக்கு மெட்டல் ஏற்றிக் கடைவதுதான் வழி. வலு கூடிய சிவப்பு ரகத் திரெட் லாக்கர் போட்ட போல்ட்டைக் கழற்ற 250 டிகிரி வரை சூடேற்றி, சூடாக இருக்கும்போதே திருகவேண்டும்.

கேள்வி (காசிமேடு): ஃபைபர் படகின் விரிசலைப் பாலியஸ்டர் ரெசினால் அடைத்தால் ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை. எப்பாக்ஸி மேலா?

பதில்: மேல்தான். புதிதாக வார்க்கும்போது பாலியஸ்டர் போதும். பழைய, இறுகிய பரப்பைப் பற்றுவதில் எப்பாக்ஸியே சிறந்தது. ஆனால் அதற்குமுன் நல்ல தண்ணீரால் கழுவி உப்பை எடுக்கவேண்டும். அசிட்டோனில் உப்பு கரையாது என்பதைப் பலர் நினைப்பதில்லை. பிறகு நன்றாகக் காயவிட்டு, விரிசலை மேலாகப் பூசி மறைக்காமல், தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடியிழைத் துணியை அடுக்கடுக்காக வையுங்கள். எப்பாக்ஸியின்மேல் மறுபடி பாலியஸ்டரைப் பூசவேண்டாம், சரியாக இறுகாது.

கேள்வி (தியாகராய நகர், பெயர்ப்பலகை செய்பவர்): லேசரில் வெட்டிய அக்ரிலிக்கைக் குளோரோஃபார்ம் விட்டு ஒட்டினால் ஓரமெல்லாம் மயிரிழை விரிசல் விழுகிறது.

பதில்: லேசர் சூட்டினால் ஓரத்தில் தங்கிய இறுக்கம், கரைப்பான் பட்டதும் விரிசலாக வெளிப்படுகிறது. வெட்டிய துண்டுகளை 80 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிட்டு ஒட்டுங்கள். அதற்கு முன் ஓரத்தை ஆல்கஹாலால் துடைக்காதீர்கள். குளோரோஃபார்மின் ஆவி உடலுக்குக் கேடு. மூடிய அறையில் அதைப் புழங்கவே வேண்டாம்.

கேள்வி (அம்பத்தூர்): காலாவதியான பசைகள் அலமாரி நிறையக் கிடக்கின்றன. எதையாவது பயன்படுத்த முடியுமா?

பதில்: எப்பாக்ஸி ரெசின் தேன் உறைந்ததுபோல் வெளுத்துக் கட்டியாகியிருந்தால் அது கெட்டதாகாது, டப்பாவை 50, 60 டிகிரி வெந்நீரில் வைத்துக் கலக்கினால் பழைய நிலைக்கு வரும். ஹார்ட்னர் திறந்தே கிடந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பாலியூரித்தேன், சிலிகான், சயனோஅக்ரிலேட் ஆகியவை ஈரத்தால் இறுகுபவை என்பதால், தடித்துப்போனவற்றைத் தின்னர் ஊற்றி இளக்க முயலாமல் கழித்துவிடுங்கள். தேறியதையும் முக்கியமில்லாத இரு தகட்டுத் துண்டுகளில் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பார்த்த பிறகே வேலைக்கு எடுங்கள்.