ஏஜென்ட் சொல்லும் பெயருக்கு விலை கொடுக்க வேண்டாம்

கேள்வி: இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் ஒரு பழைய செங்கல் வீட்டை வாங்கலாமென்று இருக்கிறோம். பிரபல கட்டிடக் கலைஞர் வாட்சன் ஃபாதர்கில் கட்டியதாம். அதனால் எஸ்டேட் ஏஜென்ட் கூடுதல் விலை சொல்கிறார். 1884 என்று தேதியிட்டு, அவர் பெயரும் எழுதிய ஒரு வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அந்தப் படத்தை வைத்து ஒரு பவுண்டுகூட அதிகம் கொடுக்காதீர்கள். 1841-ல் மான்ஸ்ஃபீல்டில் பிறந்த அந்த மனிதரின் பெயர் ஃபாதர்கில் வாட்சன். தாய்வழிக் குடும்பப் பெயர் நிலைக்க வேண்டுமென்று 1892-ல்தான் அதை முன்பின்னாகத் திருப்பிக்கொண்டார். 1884-ல் அவர் எப்படி 'வாட்சன் ஃபாதர்கில்' என்று கையெழுத்துப் போட்டிருப்பார்? பின்னால் யாரோ எழுதிச் சேர்த்த பெயராகத்தான் இருக்கும்.

சிவப்புச் செங்கல், நடுவே நீலப் பட்டை, மூலையில் ஒரு கூர்கோபுரம் இருந்துவிட்டால் போதும், ஏஜென்டுகளுக்கு எல்லாமே ஃபாதர்கில்தான். தர்லண்ட் தெருவில் அவர் கட்டிய வங்கியையும் ஜார்ஜ் தெருவில் இருந்த அவருடைய அலுவலகத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த வேலைப்பாடு எல்லா வீட்டிலும் இருக்காது. வண்ணச் செங்கல் அடுக்குவது அந்தக் காலத்தில் ஊரெல்லாம் இருந்த பாணி. 

உண்மை தெரிய வேண்டுமானால் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். அந்தக் காலத்தில் கட்டுவதற்கு முன் நகராட்சியிடம் வரைபடம் கொடுத்து ஒப்புதல் வாங்கியாக வேண்டும். தெருப் பெயரை வைத்தும், கலைஞரின் இரண்டு பெயர்களையும் வைத்தும் தேடச் சொல்லுங்கள். 'வீட்டு வரலாறு' எழுதித் தருகிறோம் என்று பணம் கேட்டு வருபவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

சரி, பெயரை விடுங்கள். உங்கள் பணத்துக்கு வேட்டு வைக்கக்கூடியது வேறு: வீடு அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா? பழைய கட்டிடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இருந்தால் பொதுவாக உள்ளும் புறமும் சேர்த்துத்தான் பாதுகாப்பு. 'முகப்புக்கு மட்டும்தான்' என்று ஏஜென்ட் சொன்னால் கேட்காதீர்கள்.

பட்டியலில் பெயரே இல்லாத சுற்றுச்சுவரும் பின்பக்கக் கொட்டகையும்கூட இதில் மாட்டும். 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே அந்த வளாகத்தில் நிற்பதாக இருந்தால், பெரும்பாலும் அவற்றுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆனால் எது வளாகம், பட்டியலிட்ட நாளில் அது வீட்டோடு சேர்ந்திருந்ததா, நடுவில் தனியாக விற்றுவிட்டார்களா என்று எல்லாம் பார்க்க வேண்டும். பட்டியலைப் படித்தால் இதெல்லாம் புரியாது. பல பதிவுகள் தெருவில் நின்று பார்த்து எழுதிய நாலு வரிதான். அந்த நாலு வரியை நம்பி அனுமதி வாங்காமல் சுவரை இடித்தால் குற்ற வழக்கு உங்கள் மேல்!

முந்தைய ஓனர் அனுமதி வாங்காமல் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டியிருந்தாலும், அதை மாற்றச் சொல்லி கவுன்சில் (அந்த ஊர் நகராட்சி) நோட்டீஸ் அனுப்பப்போவது உங்களுக்குத்தான். அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. இதுவரை செய்த மாற்றங்களுக்கான அனுமதிக் கடிதத்தை உங்கள் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) பார்த்த பிறகு விலை பேசுங்கள்.