சரிவான ஒன்றரை ஏக்கர் புல்வெளிக்கு எந்த லான் ட்ராக்டர் வாங்கலாம்?

டென்னசியில் வீடு வாங்கியிருப்பதாகவும், பின்பக்கம் ஓடை வரைக்கும் நிலம் சரிந்து இறங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் புல்வெட்டும் வண்டியா, ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் லான் ட்ராக்டரா, எத்தனை எச்.பி. என்பது உங்கள் கேள்வி.

எச்.பி.யை அப்புறம் பார்க்கலாம். முதலில் சரிவை அளந்துவிடுங்கள். நான் பிட்ஸ்பர்க் பக்கம் பதினோரு வருடமாக மேட்டில்தான் புல் வெட்டுகிறேன். அளக்காமல் வண்டி வாங்கி, ஒருமுறை மயிரிழையில் தப்பித்தேன்.

எட்டடிப் பலகை ஒன்றை மேலிருந்து கீழாகச் சரிவில் போட்டு, அதன்மேல் போனை வையுங்கள். லெவல் பார்க்கும் ஆப் எத்தனை டிகிரி என்று காட்டிவிடும். ஒரே இடத்தோடு விடாமல் பத்துப் பன்னிரண்டு இடத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான லான் ட்ராக்டர் கையேடுகளில் 15 டிகிரிக்கு மேல் ஓட்டக்கூடாது என்றுதான் இருக்கும். டிகிரி வேறு, சதவீதம் வேறு. 15 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 27 சதவீதம்; பத்தடி போவதற்குள் இரண்டே முக்கால் அடி இறக்கம். எங்கள் ஊர் கேன்டன் அவென்யூ அமெரிக்காவின் மிகச் செங்குத்தான தெருக்களில் ஒன்று, 37 சதவீதம். அதுவே சுமார் 20 டிகிரிதான். உச்சியில் நின்று கீழே பார்த்தால் அடிவயிறு கலங்கும்.

ஜீரோ டர்ன் சமதரையில் அருமையான வண்டி. ஆனால் லீவர் வைத்த ஜீரோ டர்னில் முன்சக்கரங்கள் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி சும்மா சுழல்பவை. திருப்புவது, நிறுத்துவது எல்லாமே பின்சக்கரங்கள்தான். அவை வழுக்கினால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் சேர்ந்தே போய்விடும். கீழே ஓடை இருக்கும் இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

லான் ட்ராக்டரில் நான் முதலில் பார்ப்பது டிரான்ஸ்மிஷனை. கடையில் 42 அங்குல டெக்கோடு (பிளேடு சுழலும் அடிக்கூடு) மலிவாகக் கிடைக்கும் வண்டிகளில் பெரும்பாலும் லேசான ஹைட்ரோஸ்டாடிக் இருக்கும், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றும் டிரான்ஸ்மிஷன். என் முதல் வண்டி அப்படித்தான். முதல் இருபது நிமிடம் நன்றாக ஏறும். சூட்டில் உள்ளே எண்ணெய் இளகியதும், பெடலை முழுக்க மிதித்தாலும் மேட்டில் திணறி நின்றுவிடும். அதனால் பழைய வண்டி வாங்கினால் அரைமணி நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். விற்கிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அடுத்தது டிஃபரன்ஷியல் லாக். சாதாரண வண்டியில் ஒரு பின்சக்கரம் வழுக்கினால் இழுவை முழுக்க அதிலேயே வீணாகும். லாக் போட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும். ஜான் டியர் எக்ஸ்500 வரிசையில் இதைக் காலால் மிதித்துப் போடலாம். எக்ஸ்738 நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. விலை கூடுதல்தான். ஆனால் உங்கள் அளவு 10 டிகிரிக்கு மேல் வந்தால் எச்.பி.க்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள். பின்சக்கரத்துக்கு வெயிட் மாட்டுங்கள். பின்னால் புல் பை மாட்டினால் ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கும், அங்கேயும் வெயிட் வேண்டும்.

நான் தப்பித்த கதை இதுதான். செப்டம்பர் மாதம், காலை எட்டு மணி, புல்லில் பனி காயவில்லை. மேலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் வழுக்கிப் போய் மேப்பிள் மரத்தில் இடித்து நின்றது. இறங்கிப் பார்த்தால் டயரின் பள்ளம் முழுக்க அரைபட்ட புல், அரைத்த மருதாணி மாதிரி அப்பிக் கிடந்தது. டயர் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதிலிருந்து பதினோரு மணிக்கு முன் மேட்டில் வண்டியை ஏற்றுவதில்லை.

ஓட்டும்போது மேலும் கீழுமாக நேராக ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். திரும்புவதைச் சமதரையில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் தள்ளும் மெஷினுக்கு மட்டும் இது நேர்மாறு, அதைக் குறுக்கேதான் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் கால் வழுக்கி பிளேடுக்கு அடியில் போகும். ஓடைக்கரையைச் சக்கரம் நெருங்கவே விடாதீர்கள். குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும், மடியில் உட்கார வைத்து ஓட்டுவது கூடவே கூடாது.

15 டிகிரியைத் தாண்டும் பகுதிக்கு எந்த லான் ட்ராக்டரும் சரிவராது. வென்ட்ராக் 4520 இரட்டைச் சக்கரம் மாட்டினால் 30 டிகிரி வரை போகும், ஆனால் அது பூங்கா பராமரிப்பவர்கள் வாங்கும் வண்டி. நான் அந்த இடத்தில் புல்லையே எடுத்துவிட்டுப் தரையில் படரும் ஜூனிப்பர் செடி வைத்துவிட்டேன். இப்போது அங்கே வெட்ட எதுவும் இல்லை.

அளந்ததும் அதிகபட்சம் எத்தனை டிகிரி, ஓடைக்கு முன் எத்தனை அடி சமதரை இருக்கிறது, இரண்டையும் இங்கே எழுதுங்கள். மாடல் பார்த்துச் சொல்கிறேன்.