படகு ஒரு பக்கம் இழுக்குதா? கேள்வி-பதில்

இந்தத் தடவை பாதிக் கடிதங்கள் ஒரே புகார்தான். எந்தப் பக்கம், என்ன வேகத்தில், சரக்கோடா வெறும் படகா என்று எழுதாதவர்களுக்கு உருப்படியான பதில் தர முடியாது.

மண்டபம்: முன்னால் ஓடும்போது படகு இடப்பக்கமே போகிறது. வீலை வலப்பக்கம் கொஞ்சம் பிடித்தபடியே ஓட்டுகிறேன்.

ப்ரொப்பெல்லர் எந்தப் பக்கம் சுற்றுகிறது? அதை எழுதவில்லையே. பின்னாலிருந்து பார்க்க கடிகார முள் போலச் சுற்றினால், ஒற்றை ப்ரொப்பெல்லர் படகு லேசாக இடப்பக்கம் போவது இயல்பு. விரலால் சமாளிக்க முடிந்தால் விட்டுவிடுங்கள்.

கீழக்கரை: ரிவர்ஸ் போட்டால் பின்பக்கம் இடதுபுறம் ஒதுங்குகிறது.

அதே காரணம்தான். இடப்பக்கத்தை ஜெட்டிக்குக் கொடுத்து அணையுங்கள், ஒதுங்குவதே உதவும்.

தொண்டி: மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை பார்த்து இறக்கினோம். வீல் இடப்பக்கம் பலமாக இழுத்தது. பட்டறையில் சுக்கானின் பின்விளிம்பை இடப்பக்கம் வளைத்தார்கள். இப்போது வலப்பக்கம் இழுக்கிறது.

வருஷா வருஷம் வரும் கடிதம் இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கண் முன்னால் கரையில் நிற்கிறது. பெயின்ட் அடிக்க நாலு பேர் வருகிறார்கள், சுக்கானைப் பிடித்து ஆட்டிப் பார்க்க ஒருத்தர் வருவதில்லை. பின்விளிம்பை இரண்டு கையால் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். டொக் டொக்கென்று தட்டினால் சுக்கான் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் எதை வளைத்தாலும் வீண்.

புஷ் நன்றாக இருந்தால், அலை இல்லாத காலையில் வேகமாக ஓட்டி நியூட்ரலில் போட்டு வீலை விடுங்கள். இழுப்பு உடனே அடங்கினால், ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கானில் மோதுவதால் வந்தது. அடங்காவிட்டால் சுக்கானோ அதன் தண்டோ படகின் அடிக்கட்டையான ஏராவோ கோணலாக இருக்கிறதா என்று பாருங்கள். இதையே எதிர்த்திசையிலும் ஓட்டிப் பாருங்கள், காற்றும் நீரோட்டமும் ஏமாற்றும்.

விளிம்பை வளைப்பது கடைசி வேலை. வீல் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமேதான் வளைக்க வேண்டும். உங்கள் பட்டறைக்காரர் பக்கத்தைச் சரியாகத்தான் பிடித்தார், அளவில்தான் கோட்டை விட்டார். ஒரு தடவைக்கு ஓரிரு மில்லிமீட்டர், அப்புறம் கடலில் ஒரு ஓட்டம், அப்புறம் மறுபடி. சம்மட்டியை எடுத்து ஒரே அடியில் முடிக்க இது கதவுக் கீல் இல்லை.

பாம்பன்: போகும்போது நேராகப் போகிறது, திரும்பும்போது மட்டும் இழுக்கிறது.

மீனும் ஐஸும் நனைந்த வலையும் எந்தப் பக்கம் கிடக்கின்றன? சாய்ந்து ஓடும் விசைப்படகு பெரும்பாலும் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். சரக்கைப் பிரித்து வையுங்கள்.

மூக்கையூர்: ஹைட்ராலிக் ஸ்டீயரிங். வீலைத் திருப்பாமலே படகு மெல்ல மெல்ல விலகுகிறது.

ஆயில் அளவு பாருங்கள். குறைந்திருந்தால் சிலிண்டர் ராடைத் துணியால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள், மறுபடி ஈரமானால் சீல் போயிற்று. ஆயில் நிறைந்திருந்தும் வீல் மெத்தென்று இருந்தால் உள்ளே காற்று, அதை வெளியேற்றுங்கள். கையில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றாதீர்கள், சீல் ஊதிப்போகும்.

தேவிபட்டினம்: ஸ்டீயரிங் சரியில்லை. என்ன செய்யலாம்?

என்ன சரியில்லை என்று எழுதலாம்.

ஏர்வாடி: சுக்கானின் ஒரு பக்கம் மட்டும் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓட்டுயிர்) பிடித்திருக்கிறது. இழுக்குமா?

இழுக்கும். சுரண்டிவிடுங்கள். சுரண்டும்போதே சுக்கானைப் பிடித்து ஆட்டியும் பாருங்கள்.