ஆடு மாடு வரையும் பெண்ணுக்கு என்ன படிப்பு?

செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் அப்பாவும் போன வாரம் வந்திருந்தார்கள். மகள் பிளஸ் டூ. கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் ஆடு, நாய், எருமை. "படம் வரைஞ்சு பொழைக்க முடியுமா சார்?" என்று கேட்கும்போதே அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கச் சொல்கிறார் சித்தப்பா. வரைந்தே தீருவேன் என்றால் தனியாரில் அனிமேஷன், ஆறு லட்சம், வீட்டுப் பத்திரத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிறாராம்.

அம்மா, பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள். பிள்ளை எதைப் படிப்பது என்று முடிவு செய்யக் கடன் கொடுக்கிறவர்களை விடாதீர்கள்.

அவள் நோட்டைப் புரட்டினேன். மாடு எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் நிமிர்த்தும். யாரும் சொல்லித்தராமல் அதைப் பார்த்து வரைந்திருக்கிறாள். இந்தக் கண்ணை நான்கு வருஷம் வேறெங்கோ உட்கார வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். குறையும் இருக்கிறது. அவள் வரையும் கால்கள் உடம்பைத் தாங்கவில்லை, மாடு மிதக்கிறது. செல்போன் படத்தைப் பார்த்து வரைந்தால் தோலும் நிறமும் வரும், எடை வராது. அதற்குப் பழைய ஆட்களிடம்தான் போக வேண்டும்.

முதலில் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிறது. முழு மானையும் வரைய வேண்டாம். முதுகுக் கோட்டையும் தரையில் ஊன்றிய கால்களையும் மட்டும் பத்து முறை போடட்டும். பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு கன்றை நக்குகிறது. அந்தக் கழுத்து வளைவுக்கு ஒரு முழு நாள் கொடுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் அதே வளைவை உங்கள் மாட்டிடம் தேடட்டும். பார்த்து வரைவது பாதி வேலைதான், உயிருள்ள மாட்டோடு ஒப்பிடுவதில்தான் படிப்பு இருக்கிறது.

அப்புறம் ஜஹாங்கீர் அரசவையின் உஸ்தாத் மன்சூர். 1621-இல் அவர் வரைந்த வரிக்குதிரையின் கோடுகள் உடம்பின் உருண்டையோடு சேர்ந்து திரும்புவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் இங்கிலாந்தில் ஒரு பண்ணை வீட்டில் சுமார் ஒன்றரை வருஷம் இறந்த குதிரைகளை அறுத்துப் பார்த்து, எலும்பு, தசை என்று அடுக்கடுக்காக வரைந்து 1766-இல் புத்தகமாக வெளியிட்டார். ஜெர்மன் ஓவியர் டியூரர் 1515-இல் காண்டாமிருகத்தைப் பார்க்காமலே வரைந்து, முதுகில் இல்லாத ஒரு சின்னக் கொம்பை முளைக்க வைத்துவிட்டார். அதே டியூரரின் 1502 முயலை அருகில் வைத்துப் பாருங்கள், நேரில் பார்ப்பது என்றால் என்ன என்று அவளுக்கே விளங்கும். எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

சேர்வதற்கு 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்திலும் ஓர் அரசுக் கல்லூரி உண்டு. நான்கு வருஷ பி.எஃப்.ஏ., அதாவது கவின் கலை இளங்கலைப் பட்டம். வேலை? பாடப்புத்தகம், சிறுவர் நூல், வனவிலங்குப் படங்கள், ஓவிய ஆசிரியர் பணி. அனிமேஷனுக்கே போனாலும் நடக்கும் மாட்டை வரையத் தெரிந்தவளாகப் போவாள். ஆரம்ப வருஷங்களில் வருமானம் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் தலையில் கடன் இல்லாவிட்டால் அந்த வருஷங்களைத் தாண்டிவிடலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப் போங்கள். சித்தப்பாவையும் அழையுங்கள், அவள் வரைவதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.